சிவப்புப் பேனா இல்லாத மாடி

“மிஸ், எனக்குப் பதிலை மட்டும் சொல்லிக் குடுங்க. கேள்வியை நான் பாத்துக்கிடுதேன்.”

படியேறி வந்த ஆவுடையப்பன், மூச்சு வாங்கக்கூட நிற்காமல் கேட்டது இதுதான்.

ஜெமிமா மிஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நேரம் பார்த்துக் கீழே மாவு மில் ஓட ஆரம்பித்தது. மாடியே அதிர்ந்தது. மிஸ் வாயை மூடிக்கொண்டு பெஞ்சைக் காட்டினார்.

ஆவுடையப்பன் உட்கார்ந்தார்.

பாளையங்கோட்டையில் அந்த டியூஷனைத் தெரியாத அரியர்காரர் கிடையாது. மில்லுக்கு மேலே ஒரே அறை. அக்கவுண்டன்சி, கணக்கு, புள்ளியியல், கம்ப்யூட்டர் புரோகிராம், நாலுக்கும் ஒரே ஆள்தான். அந்த ஆளுக்கு வயசு இருபத்தேழு.

கீழே மில் ஓடினால் மேலே ஒரு வார்த்தை கேட்காது. ஆகவே ஒரு ஈடு மாவு இறங்கி அடுத்தது ஏறுகிற இடைவெளியில் என்ன சொல்ல முடியுமோ, அதை மட்டும்தான் மிஸ் சொல்வார். மீதியெல்லாம் கை, கண், சாக்பீஸ். போர்டில் இருப்பது சாக்பீஸ் தூளா மாவா என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. வகுப்பு முடிந்து இறங்குகிற பிள்ளைகளுக்கெல்லாம் புருவம் நரைத்திருக்கும். ஆவுடையப்பனுக்கு அந்தக் கவலை இல்லை. அவருக்கு நாற்பத்தெட்டு வயசு, ஏற்கனவே நரைத்துவிட்டது.

இன்னொன்றும் ஊரில் பேசிக்கொள்வார்கள். அந்த மாடியில் சிவப்புப் பேனாவே கிடையாதாம்.

*

ஆவுடையப்பன் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் அட்டெண்டர். இருபத்திரண்டு வருஷமாக ஃபேன் சுவிட்சும், கீபோர்டு துடைக்கிற துணியும்தான் உத்தியோகம். தபால் வழியில் பி.காம். படித்தார். எல்லாப் பேப்பரும் பாஸ். ஒன்றே ஒன்று பாக்கி, புள்ளியியல்.

அதில் ஏழு தடவை ஃபெயில்.

பழைய பாடத்திட்டத்துக்கு இந்த ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டது. அதிலும் போனால் பாஸான பேப்பரும் சேர்ந்து போச்சு. கல்லூரி ஆபீசில் இளநிலை உதவியாளர் நாற்காலி ஒன்று காலியாகிறது. பட்டத்தோடு வந்தால் அது உமக்குத்தான் என்று முதல்வரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் ரிட்டயர் ஆகிறவரைக்கும் துணிதான்.

மனுஷன் படிக்காமல் ஃபெயிலானவர் இல்லை. அதுதான் கொடுமை. கைடில் இருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு கணக்கையும் மனப்பாடம் செய்தவர். சூத்திரம், படி, விடை, விடைக்குக் கீழே ரெட்டைக் கோடு வரைக்கும் மனப்பாடம். போன தடவை நூற்றுப் பதினெட்டாம் கணக்கு அப்படியே வந்தது. பூரித்துப் போய் அச்சுப் பிசகாமல் எழுதிவிட்டு வந்தார்.

கைடில் முதல் எண் இருபத்து மூன்று. கேள்வித்தாளில் முப்பத்திரண்டு. அதை அவர் பார்க்கவே இல்லை.

*

மில் நின்றது.

“மார்க் ஷீட் கொண்டாந்தீங்களா அண்ணாச்சி?”

ஏழு செராக்ஸ் தாளையும் குப்புறக் கவிழ்த்து நீட்டினார். மிஸ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். பதினேழு, இருபத்திரண்டு, ஒன்பது, முப்பத்தொன்று... முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பென்சிலை எடுத்து ஒவ்வொரு தாளின் தலையிலும் பொடி எழுத்தில் என்னமோ எழுதி, டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். மார்க்கைக் குறித்துக்கொள்கிறார் போல என்று ஆவுடையப்பன் நினைத்தார். எட்டிப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“பதில்தானே வேணும்?”

“ஆமா மிஸ்.”

“பதில் பூஜ்யம்.”

“என்னது?”

“அஞ்சு எண். அதோட திட்ட விலக்கம் பூஜ்யம். பதிலை நான் சொல்லிட்டேன். கேள்வியை நீங்க பாத்துக்கிடுதேன்னு சொன்னீங்கள்லா? அந்த அஞ்சு எண்ணைக் கொண்டுட்டு வாங்க.”

மில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

என்னடா இது, ஒரு சின்னப் பிள்ளையிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று புலம்பிக்கொண்டே படியிறங்கினார். திட்ட விலக்கத்தின் சூத்திரத்தை எப்போது கேட்டாலும் ஒப்பிப்பார். அது எதைக் காட்டுகிறது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை.

*

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அஞ்சு எண்ணோடு வந்தார்.

மைனஸ் இரண்டு, மைனஸ் ஒன்று, பூஜ்யம், ஒன்று, இரண்டு.

“கூட்டினா பூஜ்யம் வருது மிஸ்.”

மிஸ் பார்த்தார். ஆவுடையப்பனுக்குத் தெரியும், இது தப்பு. பெருக்கல் குறி விழப்போகிறது என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். அவர் எழுதிய எண்களுக்கு மேலே மிஸ் ஒரு வரி எழுதியிருந்தார்.

‘இவற்றின் சராசரி என்ன?’

“உங்க பதில் சரி அண்ணாச்சி. இந்தக் கேள்விக்கு.”

“அப்ப நீங்க கேட்டது?”

“நான் கேட்டது வேற.”

அவ்வளவுதான். மில் ஓடிற்று.

படியில் நின்று அந்தத் தாளை இன்னொரு தடவை பார்த்தார். ஏழு பரீட்சையில் எத்தனை சிவப்புப் பெருக்கல் குறி வாங்கியிருப்பார்! ஒரு தப்பான பதிலைத் தூக்கி நிறுத்தி, நீ இன்ன கேள்விக்குச் சொந்தக்காரன் என்று சொல்லி அனுப்பின ஆளை அவர் அதுவரை கண்டதில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

*

அந்த வாரம் லேபில் ரெக்கார்டு நோட்டு அடுக்குகிற வேலை. நாற்பது பேருடைய நோட்டு. புரோகிராமை இடப்பக்கம் எழுதி, கம்ப்யூட்டர் காட்டுகிற விடையை வலப்பக்கம் பென்சிலால் கட்டம் கட்டி எழுத வேண்டும் என்பது வழக்கம். கம்ப்யூட்டரைத் தொடாமலேயே கட்டம் கட்டுவது அதைவிடப் பெரிய வழக்கம்.

ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டுகிற புரோகிராம். முதல் நோட்டில் விடை நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. இரண்டாவது நோட்டிலும் அதே. பத்தாவதிலும் அதே. நாற்பதிலும் அதே. ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழைகூட நாற்பதிலும் இருந்தது.

“அடப் பாவிகளா! ஒருத்தன் நோட்டைப் பாத்து நாப்பது பேரும் எழுதியிருக்கானுவ. எவனுக்கும் எவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டா?”

திட்டிக்கொண்டே நோட்டைத் தட்டி அடுக்கினவர், கை அப்படியே நிற்க நின்றுவிட்டார்.

வித்தியாசமே இல்லை. எவனும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிதறவே இல்லை. எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டுவதுதானே திட்ட விலக்கம்!

சாயங்காலம் பாதிப் படியிலேயே கத்தினார். “ஏழு, ஏழு, ஏழு, ஏழு, ஏழு!”

பெஞ்சில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார்.

“எங்க கிடைச்சுது அண்ணாச்சி?”

“காப்பியடிச்ச நோட்டுல.”

கதையைச் சொன்னார். மிஸ் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது எந்தக் கேள்விக்குப் பதில்?”

மில் ஓட ஆரம்பித்தது. ஆவுடையப்பன் பேப்பரை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார். கீழே மூன்று ஈடு அரைத்து முடித்தார்கள். ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டினால் ஐயாயிரத்து ஐம்பது வந்தது. நோட்டில் நூறு குறைகிறது. எந்த நூறு?

“கடைசி நூறு!” என்று மில் சத்தத்துக்கு மேலே கத்தினார். “தொண்ணூத்தொம்பதோட நிறுத்திட்டானுவ!”

மிஸ்ஸுக்குக் காதில் விழுந்திருக்காது. உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் லேபில் ஒரு நோட்டைப் பிரித்துப் புரோகிராமைப் படித்தார். நூறு வரை போ என்று எழுத வேண்டிய இடத்தில், நூறைவிடக் குறைவாக இருக்கிறவரை போ என்று எழுதியிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் திரைகளைத் துடைத்திருக்கிறார். அதில் ஓடுகிற ஒரு வரியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தார். சந்தோஷத்தில் டீக்குப் போக மறந்துவிட்டார்.

*

அதற்கப்புறம் அவர் மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருப்பார். அதுவும் ஒரு படிப்பாகத்தான் இருந்தது.

முப்பிடாதி என்று ஒரு பிள்ளை. அக்கவுண்டன்சி அரியர். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்து வராமல் ஐந்நூற்று நாற்பது இடித்தது. இரண்டு நாளாக அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

மிஸ் அந்த ஐந்நூற்று நாற்பதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒம்பதால வகுபடுது. ஏதோ ஒரு எண்ணுல ரெண்டு இலக்கம் இடம் மாறிட்டு.”

விரல் பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கியது. ஒரு இடத்தில் நின்றது. நூற்று எழுபது இருக்க வேண்டிய இடத்தில் எழுநூற்றுப் பத்து.

முப்பிடாதி ‘ஆ’ என்றாள். மிஸ் அதற்குள் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

தப்பு எங்கே என்று தப்பையே கேட்டுத் தெரிந்துகொள்கிறாளே இந்தப் பிள்ளை என்று ஆவுடையப்பன் வாயைப் பிளந்தார். எத்தனையோ பேராசிரியருக்கு ஃபேன் போட்டிருக்கிறார். இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை.

*

ஆனாலும் பயம் விடுமா?

பரீட்சைக்கு இருபது நாள்தான் இருந்தது. மிஸ் இதுவரை ஒரு முக்கியமான கேள்விகூடக் குறித்துத் தரவில்லை. ஒரு பதில்கூடச் சொல்லித் தரவில்லை. ஆவுடையப்பன் அதே கைடைப் புதுசாக வாங்கிச் சட்டைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு பழையபடி நெட்டுருப் போட ஆரம்பித்தார்.

அந்த வாரச் சோதனையில் பத்துக் கணக்கும் சரி. அடித்தல் திருத்தல் கிடையாது. பத்து விடைக்கும் ரெட்டைக் கோடு.

மிஸ் இரண்டு தடவை படித்தார். பென்சிலைக் கீழே வைத்தார். மில் நின்றிருந்தது. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“அண்ணாச்சி, இதை எழுதினவரை எனக்குத் தெரியாதே.”

“எல்லாம் சரியா இருக்குல்லா மிஸ்?”

“சரியாத்தான் இருக்கு. உங்களைத்தான் காணோம்.”

ஆவுடையப்பனுக்கு வந்ததே கோபம்! பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“எனக்குக் கடைசி சான்ஸ் மிஸ்! உங்களுக்கென்ன, நான் போனா இன்னொரு ஆளு படியேறி வருவான். எனக்கு இன்னொரு ஏப்ரல் கிடையாது!”

முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டாள்.

மிஸ் கையை நீட்டினார்.

“கைடைத் தாங்க.”

மிஸ்ஸுக்கு எப்படித் தெரிந்தது! சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். மிஸ் நூற்றுப் பதினெட்டாம் கணக்கைத் தேடிப் பிரித்தார். அந்தக் கணக்கில் எப்படி ஃபெயிலானார் என்று ஆவுடையப்பனே ஒருநாள் மிஸ்ஸிடம் சொல்லியிருந்தார். மிஸ் இருபத்து மூன்றைப் பென்சிலால் அடித்து முப்பத்திரண்டு என்று மாற்றினார். விடை இருந்த பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு புத்தகத்தை அவர் முன்னால் வைத்தார்.

“இதைப் போடுங்க.”

ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று இடத்தில் தப்பு வந்தது. மூன்றுக்கும் மேலே மிஸ் மூன்று கேள்வி எழுதினார். ஒவ்வொரு தடவையும் ஆவுடையப்பன் ‘ஐயையோ’ என்று தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மறுபடி போட்டார். மிஸ்ஸின் கை மட்டும் அந்தப் பக்கத்தை விட்டு விலகவில்லை.

கடைசியில் ஒரு விடை வந்தது. மிஸ் கையை எடுத்தார். கைடில் வேறு எண் இருந்தது.

ஆவுடையப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய விடை அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. எவரும் அச்சடிக்காத விடை. சரியான விடை. தன் கையால் போட்டது.

“மன்னிச்சிருங்க மிஸ்” என்றார்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. மிஸ் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். பிறகு சிரித்தார்.

கைடை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுக்காலுக்கு அடியில் அது முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெஞ்சு ஆடவே இல்லை.

*

ஏப்ரல் வந்தது.

பரீட்சை அறையில் அவர்தான் வயசில் மூத்தவர். மேற்பார்வைக்கு வந்த வாத்தியாருக்கே அவரைவிடப் பத்து வயசு குறைவு.

கடைசிக் கேள்வி அ, ஆ என்று இரண்டு பிரிவாக இருந்தது. முதல் பிரிவு, கோரிலேஷன். இரண்டு விஷயங்கள் எந்த அளவுக்குச் சேர்ந்து போகின்றன என்று காட்டுகிற எண். அது எந்த ஜென்மத்திலும் ஒன்றைத் தாண்டாது.

ஆவுடையப்பனுக்கு ஒன்று புள்ளி நாலு வந்தது.

இருபது நிமிஷம்தான் பாக்கி. எட்டாவது தடவை. இதுவும் போச்சு. நாற்காலியும் போச்சு, பட்டமும் போச்சு. ஒன்று புள்ளி நாலை அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கக் கை போனது.

பாதியில் நின்றது.

“ஏய்யா, நீ எந்தக் கேள்விக்குப் பதில்?”

சத்தமாகவே கேட்டுவிட்டார். மேற்பார்வை வாத்தியார் திரும்பிப் பார்த்தார். ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். எங்கே வகுத்தேன்? இருபத்தெட்டை இருபதால் வகுத்திருக்கிறேன். கோரிலேஷனுக்கு நாற்பதாலல்லவா வகுக்க வேண்டும்! அப்படியானால் இருபதால் வகுக்கச் சொல்வது எது?

கேள்வித்தாளைப் பார்த்தார். இரண்டாவது பிரிவு: ஒன்று ஒரு படி ஏறினால் மற்றது எவ்வளவு ஏறும் என்று காட்டுகிற ரிக்ரஷன் எண்ணைக் காண்க.

அதற்கு இருபத்தெட்டை இருபதால்தான் வகுக்க வேண்டும்.

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். அடிக்கப்போன விடையின் பக்கத்தில் ‘ஆ’ என்று பிரிவைக் குறித்தார். அதற்குக் கீழே ரெட்டைக் கோடு போட்டார். பிறகு நிதானமாக முதல் பிரிவுக்கு வந்தார். இருபத்தெட்டை நாற்பதால் வகுத்தார். புள்ளி ஏழு. அதற்கும் ரெட்டைக் கோடு.

மணி அடிக்க ஐந்து நிமிஷம் மிச்சம் இருந்தது.

*

ஜூனில் ரிசல்ட் வந்தது. ஐம்பத்தெட்டு மார்க்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மில் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் பேச முடியாது. போனை மிஸ்ஸின் முகத்துக்கு நேரே நீட்டினார். மிஸ் படித்தார். சாக்பீஸைப் போட்டுவிட்டு அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். முப்பிடாதி பெஞ்சின் மேல் ஏறி நின்று கை தட்டினாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. எல்லார் தலையிலும் மாவு பறந்தது.

மில் நின்றபோது ஆவுடையப்பன் அழுதுகொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல மிஸ்.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “மூணரை வருஷம். ஏழு தடவை ஃபெயில். முதல்லயே உங்ககிட்ட வந்திருந்தா ஒரே தடவையில முடிஞ்சிருக்கும். அந்த ஏழும் வீணாப் போச்சேன்னு நினைச்சேன். வேற ஒண்ணுமில்ல.”

“ஏழும் சரியான பதில்தான் அண்ணாச்சி. கேள்வியைப் பாருங்க” என்று மிஸ் டிராயரைத் திறந்தார்.

அந்த ஏழு தாளையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். பதினேழு, இருபத்திரண்டு, ஒன்பது, முப்பத்தொன்று... தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலையில் இருந்த பொடி எழுத்தைப் படிக்கப் பார்த்தார். பக்கத்தில் தேதி இருந்தது. அவர் முதன்முதலாகப் படியேறி வந்த நாள்.

மார்க் குறித்ததாக அல்லவா அன்றைக்கு நினைத்தார்.

ஏழு தாளிலும், ஒவ்வொரு ஃபெயிலுக்கும் மேலே, பென்சிலில் ஒரே கேள்விதான் எழுதியிருந்தது.

‘மறுபடியும் வருவீங்களா அண்ணாச்சி?’